மச்சில் கூகை குடியிருக்கிறது: ஆந்தை தின்பதும் குஞ்சுக்கு ஊட்டுவதும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர் குளத்துக்குச் சற்றுத் தள்ளி எங்கள் பழைய ஓட்டு வீடு. கீழே தாத்தா காலத்து நெல் பத்தாயம், அதற்கு மேலே மச்சு, அதாவது பரண். அந்த மச்சில் பல வருடமாக ஒரு கூகை ஜோடி குடியிருக்கிறது. வாடகையை எலிக்கணக்கில் தருகிறது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள், வயலில் பார்க்கிறவர்கள், குஞ்சு விழுந்துவிட்டது என்று சாக்கில் பொதிந்து கொண்டுவரும் பையன்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஆந்தை, கூகை, சாக்குருவி எல்லாம் ஒண்ணுதானா?

ஆந்தை என்பது பொதுப்பெயர். அதில் ஒரு வகை கூகை. முகம் நெடுக்கே அறுத்த ஆப்பிள் மாதிரி வெள்ளையாக இருக்கும், கண் கறுப்பு, நெஞ்சு வெள்ளை, முதுகில் பொன்னும் சாம்பலும் கலந்த நிறம். மலையாளத்தில் வெள்ளிமூங்ங என்பார்கள். சாக்குருவி என்று பலர் சொல்வது பெரும்பாலும் புள்ளி ஆந்தையை. அது மைனா அளவுதான், மஞ்சள் கண், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அந்தி நேரத்தில் கரண்டு கம்பியில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துத் தலையை ஏற்றி இறக்கும்.

இவை தவிர, பாறைச் சரிவுகளில் வாழும் கொம்பன் ஆந்தை, ஆற்றங்கரையில் வாழும் மீன் ஆந்தை என்று வேறு சிலவும் உண்டு. கொம்பனுக்கு இருப்பது கொம்பும் இல்லை, காதும் இல்லை. வெறும் இறகுக் கொத்து. கீழே வகை குறிப்பிடாமல் சொல்வதெல்லாம் கூகையை வைத்துச் சொல்வது.

எலி மட்டும்தான் தின்னுமா?

கூகைக்கு முதல் சாப்பாடு எலிதான். வயலில் வளை தோண்டும் வரப்பெலி, சுண்டெலி, வீட்டைச் சுற்றி ஓடும் மூஞ்சூறு. மூஞ்சூறைப் பூனை பிடிக்கும், ஆனால் நாற்றத்துக்குப் பயந்து தின்னாமல் போட்டுவிடும். கூகைக்கு அந்தக் கூச்சம் கிடையாது. எலி கிடைக்காத நாளில் வௌவால், கூட்டில் அடைந்த சிட்டு, தவளை, பெரிய பூச்சி என்று இறங்கி வரும். வளர்ந்த பெருச்சாளியை அநேகமாகத் தொடாது. பெருச்சாளி தன்னைவிடக் கனமாகக்கூட இருக்கலாம், அதோடு மல்லுக்கட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

புள்ளி ஆந்தை சாப்பாட்டில் பூச்சி அதிகம். வண்டு, விட்டில், பாச்சை, பல்லி, நடுநடுவே சுண்டெலி. தெருவிளக்கைச் சுற்றும் அந்துப்பூச்சியை அது பாய்ந்து பிடிப்பதை யாரும் பார்க்கலாம். மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பினால் அதற்குக் கல்யாண வீடுதான்.

இருட்டுல எலிய எப்படிக் கண்டுபிடிக்குது? அவ்வளவு கண்ணா?

கண் நல்ல கண்தான். ஆனால் கூகை முக்கியமாக நம்புவது காதை. அதன் இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இருக்காது, ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. அதனால் ஒரு சத்தம் இடமா வலமா என்பதோடு மேலா கீழா என்பதும் அதற்குத் தெரிந்துவிடும். அந்தத் தட்டையான முகம் சத்தத்தைக் கூட்டிக் காதுக்கு அனுப்பும் முறம். ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லாத அறையில் சருகுக்குள் ஓடும் எலியைக் கூகை சத்தத்தை மட்டும் வைத்துப் பிடித்ததை ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அதன் சிறகு சத்தம் போடாததும் இதற்காகத்தான். முன்பக்க இறகின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசை, மேலே வெல்வெட்டு மாதிரி மென்மை, பின்னால் குஞ்சம். எலிக்கும் கேட்காது, எலியின் ஓசையைத் தன் சிறகடியே மறைத்துவிடவும் செய்யாது. எங்கள் கூகை தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் பறந்துபோனதும் உண்டு. காற்று மாறினது மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை: இவ்வளவு இருந்தும் மூக்குக்கு நேரே இருப்பது அதற்குத் தெளிவாகத் தெரியாது. கண் குழல் மாதிரி நீண்டு எலும்புக்குள் பதிந்திருப்பதால் உருட்டவும் முடியாது, கிட்டத்தில் இருப்பதைக் கூர்ந்து பார்க்கவும் முடியாது. அதற்காகத்தான் கழுத்தை அவ்வளவு தூரம் திருப்புகிறது. அலகைச் சுற்றி மயிர் மாதிரி இறகுகள் இருக்கின்றன. பிடித்த எலியின் தலை எந்தப் பக்கம் என்பதை அந்த மயிரால் தடவித்தான் தெரிந்துகொள்ளும்.

எலிய முழுசா விழுங்கிருதே, எலும்பு குத்தாதா?

தலையை முதலில் விட்டு விழுங்குவதால் மயிரும் காலும் பின்பக்கம் படிந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். வாலைப் பிடித்து எதிர்ப்பக்கமாக விழுங்கினால்தான் தடுக்கும். கடைசியில் வால் மட்டும் வாயோரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், இரண்டு முறை தலையை ஆட்டினால் அதுவும் உள்ளே. பெரிய எலி என்றால் காலால் அமுக்கிக் கிழித்துத் தின்னும்.

கோழிக்குக் கழுத்தடியில் தீனி நிறைந்து புடைத்து நிற்குமே, அந்தப் பை ஆந்தைக்குக் கிடையாது. விழுங்கினது நேரே வயிற்றுக்குப் போகும். வயிறு இரண்டு அறை. முதல் அறையில் செரிக்க வைக்கும் நீர் சுரக்கும். இரண்டாவது அறை, கோழியின் கல் இருக்கிற இடம், தசையால் ஆனது. சதை கரைந்து குடலுக்குப் போய்விடும். எலும்பு, பல், நகம், மயிர் இவற்றை அந்த இரண்டாவது அறை தடுத்து நிறுத்தி உருட்டும். பருந்து வயிற்றில் அமிலம் கடுமை, எலும்பையும் பெரும்பாலும் கரைத்துவிடும். ஆந்தை வயிற்றில் அவ்வளவு கடுமை இல்லை. அதனால் எலும்பு உடையாமல் அப்படியே மிஞ்சும். மயிர் அதைச் சுற்றிக்கொள்வதால் வயிற்றில் குத்தாது.

மச்சுல கறுப்பா உருண்டை உருண்டையா கிடக்கே, அது எச்சமா?

இல்லை. மேலே சொன்ன மிச்சம்தான் அது. விழுங்கிச் சில மணி நேரம் கழித்து, மயிரும் எலும்புமாக உருண்டதை வாய் வழியாகக் கக்கிவிடும். நான் கக்கல் என்றே சொல்வேன். புதுசு பளபளவென்று கறுப்பாக, ஈரப்பசையோடு இருக்கும். நாள் ஆக ஆக நரைத்து உதிரும். பெரிய ஆளின் கட்டை விரல் தடிமன். எச்சம் வேறு, அது சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒழுகியிருக்கும்.

கக்குவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, என்னமோ உயிர் போவது மாதிரி நிற்கும். சீக்கு என்று நினைத்து என் மனைவி ஒரு தடவை பதறிவிட்டாள். சீக்கெல்லாம் இல்லை. கக்கினால்தான் அடுத்த சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ கக்கும்.

அதைப் போய் கையால பிரிச்சுப் பாக்கிறியளே, அப்படி என்ன இருக்கு?

கிண்டலாகத்தான் கேட்பார்கள். ஆனால் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தவர்கள் மறுபடி வருவார்கள். கையுறை போட்டுக்கொண்டு, கக்கலை வெந்நீரில் ஊறப்போட்டு, இரண்டு ஊசியால் மெதுவாகப் பிரித்தால் மயிருக்குள்ளிருந்து மண்டையோடு முழுசாக வரும். எலியின் முன்பல் ஆரஞ்சு நிறத்தில் உளி மாதிரி வளைந்திருக்கும், அதற்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் வெற்றிடம். மூஞ்சூறின் மண்டை நீளமாக, பல்லெல்லாம் வெள்ளையாக ஊசி ஊசியாக இடைவெளி இல்லாமல் இருக்கும். பறவை என்றால் அலகே கிடைக்கும். புள்ளி ஆந்தையின் கக்கல் சிறுசு, வண்டின் ஓட்டுச் சிறகு அதில் மினுங்கும்.

ஒரு கூகைக் கக்கலில் சாதாரணமாக மூன்று நான்கு உயிரின் எலும்பு இருக்கும். மண்டையை எண்ணினால் ராத்திரிக் கணக்கு தெரிந்துவிடும். என் பிள்ளைகள் படிக்கிற காலத்தில் எலும்புகளை அட்டையில் ஒட்டி முழு எலியாக்கிக் கொண்டுபோனார்கள். எனக்கு இதில் உள்ள லாபம் வேறு. கும்பப்பூ (மாசியை ஒட்டி வரும் நெல்) அறுப்பு முடிந்த நாட்களில் கக்கலில் வயல் எலி மண்டையாகவே வரும், மழைக்காலத்தில் மூஞ்சூறு கூடும். வயலில் இறங்கிப் பார்க்காமலே எலி நிலவரம் ஓரளவு பிடிபடும். அப்புறம் கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். எலி மூலம் பரவும் கிருமி கக்கலிலும் இருக்கலாம்.

ஒரு ராத்திரிக்கு எத்தனை எலி தின்னும்?

தனியாக இருக்கும் கூகைக்குச் சின்ன எலியாக மூன்று நான்கு போதும். பெரிய வரப்பெலி என்றால் ஒன்றிலேயே அன்றைய பாடு முடியும். குஞ்சு இருக்கும்போது இந்தக் கணக்கே வேறு. ஐந்து குஞ்சு என்றால், ஒவ்வொன்றும் தாய் தகப்பன் அளவுக்குத் தின்னும். விடிவதற்குள் எத்தனை நடை போக வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தண்ணி குடிக்குமா? கிண்ணத்துல வைக்கட்டா?

வேண்டாம். எலியின் உடம்பில் உள்ள ஈரமே பெரும்பாலும் போதும். குஞ்சுக்கும் அதேதான்.

அடைகாக்கிறது யாரு, சாப்பாடு கொண்டு வாறது யாரு?

முட்டைமேல் உட்காருவது பெண் மட்டும். ஏறக்குறைய ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் அதற்குச் சாப்பாடு ஆண் கொண்டுவந்து கொடுப்பதுதான். சொல்லப்போனால் முட்டை இடுவதற்கு முன்னாலிருந்தே ஆண் ஊட்டத் தொடங்கிவிடும். பெண் நன்றாகத் தின்று கனத்த பிறகுதான் முட்டை. தினம் எலி கொண்டுவர வக்குள்ள ஆணா என்று பெண் சோதித்துப் பார்க்கிறது என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

சில நாள் தேவைக்கு மேல் கொண்டுவந்து முட்டையைச் சுற்றி எலியை அடுக்கி வைத்திருக்கும். சிலது தலை இல்லாமல் கிடக்கும். மச்சில் அப்போது வரும் நாற்றம் இருக்கிறதே, அதைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுத முடியாது.

கூடு என்று ஒன்று கட்டாது. பனையின் பொந்து, கோபுரத்து மாடம், பாழ்கிணற்றுப் பொந்து, மச்சு என்று இருட்டும் மறைவும் உள்ள இடம் போதும். உதிர்ந்த பழைய கக்கல்தான் மெத்தை.

ஒரே கூட்டுல ஒரு குஞ்சு பெருசு, ஒண்ணு ரொம்பச் சின்னது. வேற வேற தாயா?

ஒரே தாய்தான். கோழி எல்லா முட்டையும் இட்டு முடித்த பிறகு அடையில் உட்காரும், அதனால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரியும். கூகை முதல் முட்டை இட்ட உடனேயே உட்கார்ந்துவிடும். அடுத்த முட்டை இரண்டு மூன்று நாள் கழித்து, அதற்கடுத்தது இன்னும் இரண்டு மூன்று நாள் கழித்து. பொரிப்பதும் அதே இடைவெளியில். ஐந்தாறு முட்டை என்றால் மூத்தது இரண்டு வாரப் பிள்ளையாக இருக்கும்போது இளையது ஓட்டை உடைத்து வெளியே வரும்.

இது ஒரு முன்னேற்பாடு. முட்டை இடும்போது, ஒன்றரை மாதம் கழித்து எலி எவ்வளவு கிடைக்கும் என்று கூகைக்குத் தெரியாது. எலி நிறைய இருந்தால் எல்லாம் பிழைக்கும். குறைந்தால் பெரியது இரண்டு மூன்றாவது முழு பலத்தோடு பறக்கும், கடைசிக் குஞ்சு போய்விடும். எல்லாம் ஒரே வயதாக இருந்து பங்கு போட்டால் எல்லாமே அரை வயிறோடு சாகும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) விடாமல் அடித்த ஒரு வருடம் எங்கள் மச்சில் ஐந்தில் இரண்டுதான் தேறியது. கூகையின் இறகில் தண்ணீர் சீக்கிரம் ஊறிவிடும், மழைச் சத்தத்தில் எலியின் ஓசையும் கேட்காது. ஆண் வேட்டைக்குப் போகாமல் உத்தரத்தில் உட்கார்ந்தே இருந்தது.

பெரிய குஞ்சு சின்னதைத் தின்னுருமாமே, உண்மையா?

உண்டு. பட்டினியில் செத்துப்போன சின்னக் குஞ்சை மற்றவை தின்னும், தாயே கிழித்து ஊட்டுவதும் உண்டு. சாப்பாடு இல்லாத வீட்டில் எதுவும் வீணாகாது. ராட்சசக் குணம் என்று திட்டுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

ஆனால் இதை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் மறுபக்கத்தைக் கேட்பதில்லை. ஸ்விட்சர்லாந்தில் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் ரூலின் என்பவரும் அவரோடு இருப்பவர்களும் கூகைக் குஞ்சுகளைப் பல வருடமாகக் கவனித்திருக்கிறார்கள். தாய் தகப்பன் வெளியே போயிருக்கும் நேரத்தில் குஞ்சுகள் தங்களுக்குள் மாறி மாறிக் கத்துகின்றன. அதிகம் பசித்தது அதிகம் கத்தும். அதைக் கேட்டுப் பசி குறைந்தது அடங்கிவிடும். எலி வந்ததும் பெரும்பாலும் பசித்ததே முன்னால் போகும். அடிதடிக்குப் பதிலாகப் பேரம். அதோடு, சில மூத்த குஞ்சுகள் தங்கள் பங்கை இளையதுக்குக் கொடுத்துவிடுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். பறவைக் குஞ்சுகளில் இது அபூர்வம்.

காக்கா மாதிரி வாய்க்குள்ள கக்கி ஊட்டுமா?

காகம் தொண்டையில் சேர்த்துக் கொண்டுவந்து குஞ்சின் வாயில் தள்ளும். கூகைக்குத் தீனி சேர்த்து வைக்கும் பை இல்லை என்று முன்பே சொன்னேன். எலியை முழுசாக அலகில் கவ்விக் கொண்டுவரும். முதல் இரண்டு வாரம், ஆண் கொண்டுவந்ததைப் பெண் காலால் மிதித்துத் துணுக்குத் துணுக்காகக் கிழித்துக் கொடுக்கும். குஞ்சுக்கு அப்போது கண் திறந்திருக்காது அல்லது அரைகுறையாகத் திறந்திருக்கும். பெண் மெல்லக் கொக்கரிக்கும், இறைச்சியால் குஞ்சின் அலகோரத்தைத் தொடும், அது தலையை ஆட்டி ஆட்டிக் கவ்வும். ஊட்டுவதில் பெண்தான் கைகாரி. இந்த வயதில் பெண் செத்துப்போனால், ஆண் எலியைக் கொண்டுவந்து குவித்தாலும் கிழித்துக் கொடுக்க ஆள் இல்லாமல் குஞ்சு பட்டினி கிடக்க நேரும்.

மூன்று வாரம் ஆகும்போது குஞ்சே முழு எலியை விழுங்கப் பழகிவிடும், கக்கவும் கக்கும். அதன் பிறகு பெண்ணும் வேட்டைக்குக் கிளம்பும். ஐந்தாறு வாரத்தில் குஞ்சு தாயைவிடக் கனமாக இருக்கும், உருண்டு திரண்டு தொப்பையோடு. பிறகு இறகு முளைக்க முளைக்க இளைக்கும். எட்டு வாரத்தை ஒட்டிப் பறக்கத் தொடங்கும். பறந்த பிறகும் சில வாரம் வாயைத் திறந்துகொண்டு தாய் தகப்பன் பின்னாலேயே அலையும்.

ராத்திரி முழுக்க மச்சுல பாம்பு சீறுது, ஆளை வரச்சொல்லட்டா?

பாம்பு மூச்சு விடாமல் மணிக்கணக்கில் சீறாது. அது குஞ்சுகள் பசிக்குக் கத்துவது. குறட்டைக்கும் சீறலுக்கும் நடுவில் ஒரு சத்தம், பொழுது சாய்ந்ததும் தொடங்கும். மேலே சொன்ன பேரமும் இந்தச் சத்தத்தில்தான் நடக்கிறது. ஆள் கிட்டே போனால் வேறு மாதிரி, கடுமையாகச் சீறி, அலகைச் சொடுக்கும். அது மிரட்டல். பக்கத்து வீட்டுப் பாட்டி மூன்று நாள் முட்டையும் பாலும் வைத்துக் கும்பிட்டாள். நான் டார்ச் அடித்துக் காட்டிய பிறகு என்மேல்தான் கோபப்பட்டாள்.

பேச்சிப்பாறை பக்கம் ஒரு ஆந்தை மீன் பிடிச்சதப் பாத்தேன். ஆந்தை மீன் தின்னுமா?

அது மீன் ஆந்தை. மரம் அடர்ந்த ஆற்றங்கரை, அணைக்கட்டு ஓரம் அதன் இடம். மீன், தவளை, நண்டு அதற்குச் சாப்பாடு. மற்ற ஆந்தைகளுக்குக் கால்வரை இறகு மூடியிருக்கும். இதற்கு முழங்காலுக்குக் கீழே வெறுங்கால், நனைந்தாலும் பரவாயில்லை. பாதத்தின் அடியில் முள் முள்ளாகச் சொரசொரப்பு, வழுக்கும் மீனைப் பிடித்து வைக்க. கூகையின் சிறகில் உள்ள அந்தச் சீப்பு வரிசை இதற்குத் தேவைப்படவில்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்குச் சிறகடி கேட்கப்போவதில்லை. அதனால் பறக்கும்போது சத்தம் கேட்கும். முட்டை ஒன்று அல்லது இரண்டுதான்.

கோழிக்குஞ்சத் தூக்கிட்டுப் போயிருமா?

ராத்திரி கூட்டை அடைத்தால் எந்த ஆந்தையும் தூக்காது. பகலில் குஞ்சு காணாமல் போனால் வல்லூறு, கீரி, பூனை, அல்லது பக்கத்து வீட்டைப் பாருங்கள்.

குஞ்சு கீழ விழுந்து கிடக்கு. பாலும் பிரெட்டும் குடுத்தோம், தின்னல.

தின்னாதது நல்லது. பால், சோறு, பிரெட், ரசவடை (ஆமாம், ஒரு பையன் கொடுத்தான்) எதுவும் ஆகாது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றவும் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பத்து வயதில் நானே அப்படி ஒன்றைக் கொன்றிருக்கிறேன். வெறும் கோழிக்கறியும் சரியில்லை. எலும்போடு தின்றால்தான் சுண்ணாம்புச் சத்து. எலும்பில்லாத கறியையே நாள்கணக்கில் கொடுத்தால் கால் வளைந்துபோகும்.

செய்ய வேண்டியது இதுதான். அட்டைப்பெட்டியில் துணி விரித்து உள்ளே வைத்து, இருட்டான இடத்தில், நாய் பூனை வராமல் மூடி வைக்க வேண்டும். காயம் இல்லை, கூடு தெரிகிறது என்றால் சாயங்காலத்துக்குள் திரும்ப வைத்துவிடுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. கூடு எட்டாத உயரம் என்றால், பெட்டியைத் திறந்தபடி அதே மரத்தில் உயரமாகக் கட்டி வைத்து விலகிப் போனால், பசிச் சத்தத்தைக் கேட்டுத் தாய் வந்துவிடும். இறகு முளைத்துத் தத்திப் பறக்கிற வயது என்றால் எடுக்கவே வேண்டாம், அது பழகிக்கொண்டிருக்கிறது. காயம் என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிடித்து வளர்ப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வீட்டுல கூகை இருக்கு, வயல்ல எலிக்கு மருந்தும் வைக்கலாமா?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. கட்டியாக விற்கும் புரோமடியோலோன் வகை ரத்தம் உறையாமல் செய்யும் விஷம். தின்ற எலி உடனே சாகாது, சில நாள் ஆகும். அந்த நாட்களில் அது சோர்ந்து, தள்ளாடி, மறைவுக்கு ஓட முடியாமல் வெட்டவெளியில் திரியும். கூகைக்கு அதைவிடச் சுலபமான எலி கிடையாது. விஷம் எலியின் ஈரலில் தங்கியிருக்கும். குஞ்சு முழு எலியையும் ஈரலோடு விழுங்கும். துத்தநாக பாஸ்பைடு சீக்கிரம் கொல்லும். செத்த எலியைப் பொறுக்கிப் புதைத்துவிட்டால் ஆபத்து குறைவு, இல்லாமல் போகாது.

மச்சில் குஞ்சு கத்துகிற நாட்களில் நான் எதையும் வைப்பதில்லை. வரப்பைக் குறுக்கி வெட்டுவேன், அகலமான வரப்புதான் எலிக்கு வளை தோண்ட வாகு. மூங்கில் கிட்டிப் பொறி வைப்பேன். மிச்சத்தை மேலே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வயல்ல குச்சி நட்டா ஆந்தை வந்து உக்காருமா?

உட்காரும். வயலில் இறங்கி எலி பிடிக்க அதற்கு உட்கார இடம் வேண்டும், நாஞ்சில்நாட்டு வயல் நடுவே மரம் கிடையாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கம்பு, தலையில் குறுக்கே ஒரு சட்டம், அவ்வளவுதான். தென்னமட்டையைத் தலைகீழாக நட்டாலும் போதும். நாற்று நட்டு முடிந்த சில நாளிலேயே குச்சியை வைத்துவிட வேண்டும். கதிர் பால் பிடிக்கும்போது நான் எடுத்துவிடுவேன், இல்லையென்றால் பகலில் குருவிகள் அதில் உட்கார்ந்து நெல்லைத் தின்னும். குச்சிக்கு அடியில் கக்கல் கிடக்கிறதா என்று பார்த்தால் கூகை வருகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஒன்று: வீட்டுமனை ஆகிப்போன வயல்களுக்கு நடுவில் தனியாக நிற்கும் ஒரு துண்டு வயலில் குச்சி மட்டும் நட்டு அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்தில் குடியிருக்கப் பொந்தோ மச்சோ வேண்டும். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் மரப்பெட்டி வைத்தே கூகையைக் குடியேற்றினார்கள்.

கூரையில உக்காந்து கத்துனா சாவு விழும்னு சொல்லுகாங்களே?

ஊரில் சாவு விழாத மாதம் எது? அது கத்துவது துணைக்கும் இடத்துக்கும். எங்கள் வீட்டுக் கணக்கில் சாவு விழுந்ததெல்லாம் எலி வீட்டில்.

பயம் பழையதுதான், ஆனால் பழைய தமிழ் ஆட்கள் அதைக் கையாண்ட விதம் எனக்குப் பிடிக்கும். சங்கப் பாட்டு ஒன்றில், தலைவன் ராத்திரி வரும்போது கூகை கத்தி ஊரை எழுப்பிவிடக் கூடாது என்று தோழி கூகையிடமே பேசுகிறாள். நெய்ச்சோறும் எலிச்சூட்டு இறைச்சியும் நிறையத் தருகிறேன், கத்தாமல் இரு என்கிறாள். அதற்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நாத்தம் தாங்கல. எப்போ துரத்தி ஓட்டைய அடைக்கலாம்?

முட்டையோ குஞ்சோ இருக்கும்போது அடைக்கவே கூடாது. உள்ளே இருப்பது பட்டினியில் சாகும், அந்த நாற்றம் இதைவிட மோசம். பறந்த குஞ்சும் சில வாரம் திரும்ப வரும் என்று சொன்னேனே, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சீறல் கேட்டு இரண்டு வாரம் தாண்டியிருக்க வேண்டும். பழைய கக்கலை எல்லாம் வாரிவிட்டுத் தரையைச் சுத்தமாக்குங்கள். மறுநாள், அதற்கு மறுநாள் பளபளப்பான கறுப்புக் கக்கல் புதிதாக விழவில்லை என்றால் உள்ளே யாரும் இல்லை. பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடைக்கலாம்.

அடைப்பதற்கு முன்னால், தென்னையிலோ வெளிச்சுவரின் உயரத்திலோ ஒரு மரப்பெட்டி கட்டிவிட்டால் ஜோடி ஊரைவிட்டுப் போகாது. வாசல் ஒரு சாணுக்குக் குறைவாக இருக்கட்டும். பெட்டியின் அடியிலிருந்து வாசல் ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் குஞ்சு தவறி விழாது. உள்ளே மெத்தைக்கு வேறு எதுவும் வேண்டாம், மச்சில் வாரின பழைய கக்கலில் இரண்டு கை அள்ளிப் போட்டால் போதும்.